சொட்டணும், சாமி

பொதுக்காலம் 12ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
யோபு 38:1, 8-11, 2 கொரிந்தியர் 5:14-17, மாற்கு 4:35-41



2019 நவம்பர் வரைக்கும் நம் மாவட்டத்துக்குக் கடல் இருந்தது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டக் கணக்குதான். செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது பாகப்பிரிவினையில் கடல் அவர்கள் பங்குக்குப் போய்விட்டது. நமக்கு ஏரிகளும் தறிகளும் பாலாறும் மிஞ்சின. பாலாற்றில் தண்ணீர் எங்கே சாமி என்று கேட்டுவிடாதீர்கள். ஆனால் மறைமாவட்டத்தை அப்படி யாரும் பிரிக்கவில்லை. 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் தறிக்காரர்களான நீங்களும் அலைவாய்க்கரைப் பங்குகளும் ஒரே வீடு. அந்த உரிமையில், பட்டு நெய்கிற ஊரின் கோவிலில் நின்றுகொண்டு இன்று ஒரு விசைப்படகைப் பற்றிப் பேசப்போகிறேன். நற்செய்தியிலும் படகுதான் வந்திருக்கிறது.

கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று வைத்த தடைக்காலம். இப்போது 61 நாள். 2017க்கு முன்னால் 45 நாள். தடை முடிந்து ஒரு வாரம் சொச்சம் ஆகிறது. அந்த நாட்களில் மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன், காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பங்குக்கு உதவிப் பங்குத்தந்தையாகப் போகும்வரை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. படகுகளைக் கரை ஏற்றியிருந்தார்கள். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியை ஆட்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மரப்படகுகளுக்குப் பலகை இடுக்கில் பஞ்சு அடித்துக் கலப்பத்து பார்த்தார்கள். சுத்தியல் சத்தத்தில் காலைத் திருப்பலிக்கு வாசகம் காதில் விழாது.

தடை முடியும் வாரத்தில் ஒரு படகை மந்திரிக்கக் கூப்பிட்டார்கள். தண்ணீரில் இறக்கி, புது வர்ணத்தோடு, மாலை போட்டு நின்றது. முன்பக்கம் அணியத்தில் தீர்த்தம் தெளித்தேன், ஸ்டியரிங் இருக்கும் கூண்டில் தெளித்தேன், வலைக்கும் தெளித்தேன். இறங்கலாம் என்று திரும்பினால் டிரைவர், வயதானவர், பின்பக்கம் ஒரு பலகை மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "சாமி, இங்கயும் கொஞ்சம் தெளிச்சிட்டுப் போங்க."

அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். டீசல் வாடை. குனிந்துதான் நிற்க முடியும். அவர் டார்ச் அடித்துக் காட்டியது ஒரு முழங்கை நீளப் பித்தளைச் சமாச்சாரம். அதற்குள் நுழைந்து வெளியே போகிறது எஞ்சினின் ஷாஃப்ட்.

அன்பானவர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எஞ்சின் படகுக்கு உள்ளே இருக்கிறது. ப்ரொப்பல்லர் வெளியே, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற ஷாஃப்ட் எங்கேயாவது படகைத் துளைத்துக்கொண்டுதானே போக வேண்டும்? அதுவும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஆக, இவ்வளவு பஞ்சு அடித்து, தார் பூசி, ஓட்டை இல்லாமல் பார்த்துப் பார்த்துக் கட்டிய படகில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டை இல்லாவிட்டால் படகு முழுகாது. ஆனால் நகரவும் நகராது.

ஷாஃப்ட் சும்மா இருந்தால் ஓட்டையைச் சுற்றி அடைத்துவிடலாம். அது ஒரு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றுகிறது. சுற்றுகிறதை எப்படி அடைப்பது? அதற்குத்தான் அந்தப் பித்தளைப் பெட்டி. கிளாண்டு என்பார்கள். உள்ளே, கொழுப்பும் கிராஃபைட்டும் ஊறிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாக வைத்து அடைத்து, மேலே ஒரு மூடி போட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டால் இறுக்குகிறார்கள். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு ஆயில் சீல் தெரிந்திருக்கும். அதற்குத் தாத்தா இது. இப்போது ரப்பரிலும் கார்பன் வளையத்திலும் புதுவகை சீல்கள் வந்திருக்கின்றன. கயிறும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கயிறு மாற்றுவதை அடுத்த வருடம் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். புதுக் கயிற்றை ஷாஃப்ட்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பிளேடால் சாய்வாக வெட்டுகிறார்கள். முனையும் முனையும் முத்தமிட வேண்டும். இடைவெளியும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. முதல் வளையத்தின் வாய் மேலே இருந்தால் அடுத்ததின் வாயை மூன்றில் ஒரு பங்கு திருப்பி வைக்கிறார்கள், அதற்கடுத்ததை இன்னும் ஒரு பங்கு. எல்லா வாயும் ஒரே நேருக்கு வந்தால் கடலுக்கு அது ராஜபாட்டை. இதெல்லாம் அரைமணி வேலை. நேரம் பிடிப்பது பழைய கயிற்றை வெளியே எடுப்பதுதான். மேல் வளையம் சுலபமாக வந்துவிடும். அடி வளையம் கருகி, கெட்டித்து, பித்தளையோடு ஒட்டிக் கிடக்கும். கொக்கி விட்டுக் கிளறிக் கிளறி எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு மேலே புதுசு ஒன்றைத் திணித்து மூடிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் ஓடும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இத்தனை வருடம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், மேல் வளையத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவர்கள் நம்மில் நிறைய. பொய் சொன்னேன் சாமி, கோபப்பட்டேன் சாமி, பூசைக்கு வரவில்லை சாமி. அடியில் கிடப்பது அண்ணன் தம்பி சொத்துத் தகராறு; பதினைந்து வருடப் பழசு. அதில் யாரும் கொக்கி விடுவதில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் மண்டியிடும்போது நானும் இதையே செய்திருக்கிறேன்.

சரி, அந்த வயதான டிரைவரிடம் வருவோம். தீர்த்தம் தெளித்தேன். எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொன்னார். கீழே நின்று பார்த்தேன். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்ததும் கிளாண்டின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எனக்குப் பதற்றம். புதுக் கயிறு போட்டிருக்கிறார்கள், மந்திரித்தும் ஆயிற்று, கடல் உள்ளே வருகிறதே! "இன்னும் கொஞ்சம் இறுக்கிடக் கூடாதா?" என்றேன்.

"சொட்டணும், சாமி. ஓடும்போது சொட்டலைன்னா எரிஞ்சிடும்" என்றார். என் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பித்தளைமேல் வைத்தார். இளஞ்சூடு. காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் நெற்றி மாதிரி. "இப்படி இருந்தா சரி. கை வெக்க முடியலைன்னா போல்ட்டைத் தளத்தணும். படகு நிக்கும்போதும் சொட்டிக்கினே இருந்தா இறுக்கணும். ரெண்டு பக்கமும் சமமா. ஒரே தடவையில இல்ல, கொஞ்சம் கொஞ்சமா."

கயிற்றுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடினால்தான் உரசல் குறையும், சூடு ஆறும். வெளியே நிற்கும் எதிரியின் ஒரு சொட்டுதான் உள்ளே மருந்து. கப்பல்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு பெரியது. நீராவிக் கப்பல்களுக்கு ப்ரொப்பல்லர் வந்த புதிதில், ஷாஃப்ட்டைத் தாங்கும் பித்தளை வேகமாகத் தேய்ந்து போனது. 1854இல் ஜான் பென் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் லிக்னம் வைட்டே என்கிற கடின மரத்தின் பட்டிகளைச் சுற்றிலும் பதித்து, நடுவில் கடல் நீரையே எண்ணெய்க்குப் பதிலாக ஓடவிட்டார். தேய்மானம் அடங்கியது. குருமடத்தில் படித்த லத்தீன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது: அந்தப் பெயருக்கு வாழ்வின் மரம் என்று பொருள். சாமியார் காதில் விழுந்தால் அது வேறு எங்கெங்கோ போகிறது. இன்று அந்தப் பக்கம் போகவில்லை.

அதே சீசனில் வேறொரு படகு. இளம் டிரைவர். சொட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இரண்டு போல்ட்டையும் முழு பலத்தில் இறுக்கிவிட்டான். ஒரு சொட்டு இல்லை. பெருமையாக எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினானாம். கரையைவிட்டுப் பல மணி நேரம் போனபிறகு பின்பக்கம் கருகல் வாடை. மூடியைத் திறந்தால் புகை. சுற்றிலும் வங்காள விரிகுடா; நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் அந்தக் கயிறு எரிந்திருக்கிறது. ஷாஃப்ட்டில் வரிவரியாகப் பள்ளம். எஞ்சினை நிறுத்தியதும் அடுத்த தண்டனை: கயிறு கருகிவிட்டதால் கடல் தாராளமாக உள்ளே வர ஆரம்பித்தது. சாக்கு, லுங்கி, கிடைத்ததையெல்லாம் திணித்து, விடிய விடியப் பம்பு போட்டு இறைத்தார்கள்; வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் பூசைக்கு வந்திருந்தார்கள். எல்லோர் உள்ளங்கையிலும் கொப்புளம்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. ஜாக்கிரதையானவன். அதுதான் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது.

நம் வீடுகளில் இறுக்கிப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு அடி பட்டது, ஒருவர் ஏமாற்றினார். அதோடு போல்ட்டை முழுக்கத் திருகிவிட்டார்கள். யார் துக்கமும் உள்ளே வராது. சாவு வீட்டுக்குப் போவார்கள், மாலை போடுவார்கள், காபி குடித்துவிட்டு வருவார்கள், ஒரு சொட்டு உள்ளே இறங்காது. பார்க்கிறவர்களுக்குத் திடமான ஆளாகத் தெரியும். பக்கத்தில் போய்க் கை வைத்தால்தான் சூடு தெரியும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். எதிர்ப்பக்கம் முழுக்கத் தளர்ந்தவர்கள். தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் மொத்தமும் இவர்களுக்குள் வந்து நிறையும். அழுது அழுது தங்கள் வீட்டு உலையையே மறந்துவிடுவார்கள். இவர்களுக்கு நான் அன்பு குறையட்டும் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக.

இப்போது மாற்குவுக்கு வாருங்கள். புயல் காட்சியை மத்தேயுவும் லூக்காவும்கூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆண்டவர் எங்கே படுத்திருந்தார், தலைக்கு என்ன வைத்திருந்தார் என்று சொல்பவர் மாற்கு ஒருவர்தான். படகின் பிற்பகுதி, தலையணை. மீனவர் பாஷையில் அமரம். அந்தக் காலத்துப் படகுக்கு ஷாஃப்ட் ஏது, கிளாண்டு ஏது. உவமையை ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும். ஆனாலும் காசிமேட்டில் அந்தப் பலகை மூடியைத் தூக்கிப் பார்த்த பிறகு இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. சீடர்கள் அலையைப் பார்த்துக் கத்துகிறார்கள். அலை மேலே வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அவரோ யாரும் எட்டிப் பார்க்காத கடைசிப் பகுதியில், படகின் அடித்தட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

முதல் வாசகத்தைக் கவனித்தீர்களா? கடலை அடைத்ததைப் பற்றி ஆண்டவர் யோபுவிடம் பேசுகிறார். கடலுக்கு அவர் சுவர் எழுப்பவில்லை. கதவும் தாழ்ப்பாளும் வைத்ததாகத்தான் சொல்கிறார். சுவரை ஒருமுறை கட்டிவிட்டால் போதும். கதவு என்றால் தினமும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டவர் காலத்துப் படகு ஒன்று கிடைத்திருக்கிறது. 1986இல் கலிலேயக் கடலில் தண்ணீர் வற்றிய சமயம், மீன்பிடிக்கிற இரண்டு சகோதரர்கள் சேற்றில் கண்டெடுத்தார்கள். முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதில் பேதுரு உட்கார்ந்தார் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். எனக்குப் பிடித்தது வேறு. அந்தப் படகில் பத்துக்குக் குறையாத மரவகைகள். ஒரே மரத்தில் கட்ட வசதி இல்லை. பழுதானபோதெல்லாம் கிடைத்த துண்டை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வேறு படகிலிருந்து கழற்றிய பலகைகூட இருக்கிறது. ஆண்டவர் ஏறிப் போதித்த படகுகள் இப்படிப்பட்டவையாகத்தான் இருந்திருக்கும். செபதேயுவின் மக்கள் அழைக்கப்பட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மாற்கு எழுதும் கிரேக்க வினைச்சொல்லையே, கலாத்தியருக்கு எழுதிய மடலில் பவுல், தவறி விழுந்த சகோதரரைக் கனிவோடு திருத்தச் சொல்லும் இடத்திலும் வைக்கிறார். நாம் 'திருத்து' என்றதும் பிரம்பைத்தான் நினைக்கிறோம். பவுலின் காதில் ஊசியும் நூலும் ஒலித்திருக்க வேண்டும்.

ஊசி நூல் என்றதும் உங்கள் முகம் மலர்கிறது. உங்களுக்கு நான் கோர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா; எதிர்ப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து நாடாவை வாங்கிப் போட வேண்டும். சேலை நெய்கிற வேலையில் கண் வலிப்பது உடலும் கரையும் கோர்க்கிற அந்த ஒரு கோட்டில்தானே? ஊடையை ஒரு இழை அதிகம் இழுத்தால் கரை சுருங்கும். விட்டால் தொளதொளக்கும். நன்றாகக் கோர்த்த சேலையில் உடல் நைந்தாலும் கரை கழன்று வராது என்று இந்தத் தெருவில் பெரியவர்கள் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த இறுக்கத்தை எந்தப் புத்தகத்திலும் அளவு போட்டு வைக்கவில்லை. உங்கள் விரலுக்குத் தெரியும், அந்த டிரைவரின் உள்ளங்கைக்குத் தெரிந்த மாதிரி.

ஒரு விஷயம் மிச்சம். சின்னப் படகுகளில் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினுக்கும் ப்ரொப்பல்லருக்குப் பின்னால் ஒரு சீல் உண்டு, சுண்டுவிரல் தடிமன் ரப்பர். தங்கூசி நரம்பு அறுந்து தண்ணீரில் மிதந்தால் ப்ரொப்பல்லர் அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. அது உள்ளே உரசி உரசி சீலை அறுத்துவிடும். தண்ணீர் கியருக்குள் இறங்கும். கியர் எண்ணெயைத் திறந்து பார்த்தால் பால் ஊற்றிய டீ நிறத்தில் வெளுத்திருக்கும். அப்போதுதான் விஷயம் தெரியும். மீன் பிடிக்க வாங்கிய நரம்பே படகை அறுக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் தறிக்குழிதான். பிழைப்புக்காக முதலாளியிடம் வாங்கிய முன்பணம்; மகள் கல்யாணத்துக்கு வாங்கிய இன்னொரு முன்பணம்; ஓவர்டைமுக்காக விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகள். வாங்கியது குடும்பத்துக்காகத்தான். ஆனால் எது எதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, கடன் எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்னாலே பாதி நரம்பு கையில் வந்துவிடும். மீதிக்குப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் இருக்கிறார்கள், வெட்கப்படாமல் வாருங்கள்.

மீன் பெருக வைத்த அந்த 61 நாள், மீனவருக்குப் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கவும் நேரம் கொடுக்கிறது. தறிக்கு அப்படி ஒரு தடைக்காலம் இல்லை. அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று மாலை தறியை மூடி வையுங்கள். அடி வளையத்தில் கருகிக் கிடக்கும் பெயர் உங்களுக்கே தெரியும். அந்த வீட்டுக்கு நடந்து போங்கள். போய் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். ஒப்புரவு அருள்சாதனத்துக்கு நான் புதன், வெள்ளி இரண்டு நாளும் மாலை ஐந்து மணி முதல் தொட்டியில் இருப்பேன்.

தடை முடிந்து போன படகுகளில் பல இன்னும் கரை திரும்பவில்லை. நம் மன்றாட்டுகளில் அவர்களுக்காக ஒன்று சேர்த்திருக்கிறேன். வாசிக்கிற தங்கச்சி அதை மட்டும் நிறுத்தி வாசிக்கட்டும். இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.